ஒரே நாளில் நவதிருப்பதி காட்டும் வேன்காரர்களுக்கு, ஆழ்வார்திருநகரியிலிருந்து

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். ‘ஒரே நாளில் நவதிருப்பதி தரிசனம், காலை டிபன், மதியச் சாப்பாடு உட்பட’ என்று நோட்டீஸ் அடித்து, மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஆள் சேர்த்து வேன் விடுகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல். ஒருத்தரைக் குறிவைத்து எழுதவில்லை. வேனில் வருகிற அம்மாமாரும் ஐயாமாரும் படித்தால் இன்னும் நல்லது. துட்டு கொடுக்கிறவர்கள் கேட்டால்தான் நீங்கள் காது கொடுப்பீர்கள் என்று தெரியும்.

நான் ஆழ்வார்திருநகரியில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருஷம் இந்தத் தெருக்களில் சைக்கிள் மிதித்தவன். இப்போது மூட்டு சொன்னபடி கேட்பதில்லை. காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், உறங்காப்புளி மேடைக்கு எதிரே ஒரு தூணோரம் உட்கார்ந்தேன் என்றால் நடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பேன். அதனால் உங்கள் வேன் எப்போது வருகிறது, எத்தனை நிமிஷத்தில் கிளம்புகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருபது நிமிஷம். செருப்பு விட, கால் கழுவ, பெருமாளைச் சேவிக்க, தாயாரைச் சேவிக்க, ஆழ்வாரைச் சேவிக்க, புளியமரத்தைச் சுற்ற, செல்போனில் படம் எடுக்க, மறுபடி செருப்புத் தேட, எல்லாம் அதற்குள்.

உங்கள் பாடு எனக்குப் புரியாமல் இல்லை. நவதிருப்பதி என்றால் எட்டு ஊரில் ஒன்பது பெருமாள் கோயில். உச்சிக்கு நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பு. காலை ஏழு மணிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஆரம்பித்தால் பன்னிரண்டு மணிக்கு ஐந்து மணி நேரம் கையில் இருக்கிறது. ஏற, இறங்க, ஆற்றைத் தாண்ட, ஒரு டீ குடிக்க என்று அதில் ரெண்டு மணி நேரம் போய்விடும். மிச்சம் மூன்று மணி நேரத்தை ஒன்பதால் வகுத்தால் இருபது நிமிஷம் வருகிறது. கணக்கு சரிதான். அந்தக் கணக்கை இந்த ஊர்மேல் போட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு வேன் வந்தது. கும்பலோடு ஓட முடியாமல் ஒரு அம்மா பின்தங்கி, மேடைப் படியைப் பிடித்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். என்னைப் பார்த்து, “ஏனுங்க, இந்த மரம் ராத்திரியில தூங்காதுங்களாமா? நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். மற்ற புளியமரம் எல்லாம் பொழுது சாய்ந்தால் இலையைக் கூப்பிக்கொள்ளும், இது கூப்பாது என்பது ஐதீகம். அதனால்தான் உறங்காப்புளி.

“ராத்திரி கோயிலப் பூட்டிருவாங்களே அம்மா, எங்க பாக்க?” என்றேன்.

“அப்பறம் எதுக்குங்க இங்க உக்காந்திருக்கீங்க?”

“பகல்ல தூங்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் பையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்று ஆரம்பித்தார். மதுரகவியாழ்வார் தம் குருநாதர் நம்மாழ்வாரைப் பாடின பதினொரு பாசுரம். மனப்பாடமாக ஓட்டுகிறவர் இல்லை அவர். எழுத்தெழுத்தாக, விரலை வரிக்குக் கீழே வைத்துப் படிக்கிறவர். ஐந்து முடித்து ஆறுக்கு வந்தார். ‘இன்று தொட்டும் எழுமையும் எம்பெருமான்’ என்று அந்த ஒரு வரிதான். வாசலில் கைதட்டல். “எல்லாரும் வண்டிக்கு வாங்க! திருக்கோளூர்ல நட சாத்திருவாங்க!”

தூணைப் பிடித்து எழுந்து, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்க்கிறேன், புத்தகமும் கண்ணாடியும் தூணடியில் கிடக்கின்றன.

தபால்காரன் புத்தி விடுமா? டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு திருக்கோளூருக்குப் போனேன். வேன் கிளம்பிவிட்டது. தென்திருப்பேரைக்கு விரட்டினேன். “இப்பத்தான் அண்ணாச்சி, திருச்செந்தூர் ரோட்டுல போவுது” என்றாள் பூ விற்கிற பெண். திரும்பி வருகிற வழியில் பின்சக்கரம் பஞ்சர். வேனில் போர்டு இருந்ததா, என்ன பேர் என்று ஒன்றும் நான் பார்த்து வைக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது நாதமுனிகளை நினைத்துக்கொண்டேன். உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வேனில் மைக் பிடித்துச் சொல்கிறவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

காட்டுமன்னார்கோயிலில் இருந்த வைணவ ஆசாரியர் நாதமுனிகள். எங்கிருந்தோ வந்த யாத்ரீகர்கள் சிலர் அங்கே பெருமாள் முன்னால் ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் குடந்தைப் பதிகத்தைப் பாடினார்கள். கடைசிப் பாசுரத்தில் ‘குருகூர்ச் சடகோபன் குழலின் மலியச் சொன்ன ஓராயிரத்துள் இப்பத்தும்’ என்று வருகிறது. ஆயிரத்தில் பத்து என்றால் மிச்சம் எங்கே என்று கேட்டார். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. கும்பகோணத்துக்குப் போய்க் கேட்டார், அங்கேயும் இல்லை. பாட்டிலேயே ஊர் பேர் இருக்கிறதே என்று குருகூருக்கு வந்தார். சடகோபன் என்பது நம்மாழ்வாரின் பேர், குருகூர் என்பது எங்கள் ஊர்தான். ஆழ்வாரால் ஆழ்வார்திருநகரி ஆனது.

வந்து பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் தெரியவில்லை. ஊரே மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மதுரகவிகளின் வழியில் வந்த பராங்குசதாசர் என்ற ஒருவரிடம் மட்டும் அந்தப் பதினொரு பாசுரம் இருந்தது. ‘இதை ஆழ்வார் முன்னால் 12,000 தடவை சொன்னால் அவர் காட்சி கொடுப்பார்’ என்றார் அவர். நாதமுனிகள் புளியடியில் உட்கார்ந்தார். சொல்லி முடித்தபோது அந்த ஆயிரமான திருவாய்மொழி மட்டுமா கிடைத்தது, ஆழ்வார்கள் எல்லோரும் பாடின நாலாயிரமும் கிடைத்தது என்பது வைணவர்களின் குருபரம்பரை சொல்லும் வரலாறு.

நான் ஒருநாள் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். தடுக்காமல் சொன்னால் பதினொன்றுக்கும் மூன்று நிமிஷம் ஆகிறது. 12,000 தடவைக்கு 36,000 நிமிஷம். 600 மணி நேரம். ஊண் உறக்கம் இல்லாமல் உட்கார்ந்தாலே 25 நாள். நாதமுனிகள் உங்கள் வேனில் வந்திருந்தால் ஆறு தடவையோடு எழுப்பி விட்டிருப்பீர்கள். நாலாயிரத்துக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோபிக்காதீர்கள். நம்மாழ்வார் யார் என்று பார்த்தால்தான் நான் எதற்கு இப்படிப் படபடக்கிறேன் என்று தெரியும். காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளை. பிறந்தபோது அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. பெற்றவர்கள் எங்கள் ஊர்ப் பெருமாள் ஆதிநாதர் சன்னதியில் கொண்டுவந்து விட, குழந்தை புளியமரத்துப் பொந்தில் போய் உட்கார்ந்துகொண்டது. 16 வருஷம் ஒரு வார்த்தை இல்லை. திருக்கோளூரில் பிறந்த மதுரகவிகள் வடக்கே யாத்திரையில் இருந்தபோது தெற்கே ஒரு ஒளியைக் கண்டு, அதன் பின்னாலேயே நடந்து இங்கே வந்து சேர்ந்தார். ‘செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?’ என்று கேட்டார். ‘அத்தைத் தின்று அங்கே கிடக்கும்’ என்று பதில் வந்தது. அதுதான் ஆழ்வார் பேசின முதல் பேச்சு. வயதில் மூத்த மதுரகவி அந்த இடத்திலேயே சீடர் ஆனார். வடநாட்டு யாத்திரை அத்தோடு சரி.

(இந்த ஆற்றங்கரைக்கு இது ஒரு ராசி போல. குமரகுருபரரும் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயதுவரை பேசாமல் இருந்தவர்தான். திருச்செந்தூர் முருகன் முன்னால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பார்கள். பேச்சு வரத் தாமதமான பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் தைரியமாகவே இருப்பார்கள்.)

இந்த மரத்தடியை விட்டு ஆழ்வார் எங்கும் போகவில்லை. திருவேங்கடத்தைப் பாடினார், திருவரங்கத்தைப் பாடினார், மலைநாட்டுத் திருப்பதிகளைப் பாடினார், எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து. பெருமாள்கள் இவரைத் தேடி வந்து ‘என்னைப் பாடு, என்னைப் பாடு’ என்று வரிசையில் நின்றார்களாம். திருவிருத்தம் 100, திருவாசிரியம் 7, பெரிய திருவந்தாதி 87, திருவாய்மொழி 1,102. இப்படி ஓரிடத்தில் உட்கார்ந்தவரைச் சேவிக்க, உட்காரவே விடாத ஒரு யாத்திரை! இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

ஒரே ஒரு காலம்தான் அவர் ஊரில் இல்லை. அதுவும் விக்கிரகமாக. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்புக் கலவரத்தில் ஆழ்வாரின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கோழிக்கோடு வரை போய், அப்புறம் திருக்கணாம்பிக்குப் போய் இருந்தார். ஊர் காடு மண்டிக் கிடந்தது. திருவாய்மொழிப் பிள்ளை என்ற ஆசாரியர்தான் காட்டை வெட்டித் திருத்தி, ஆழ்வாரை மறுபடி அழைத்துவந்து எழுந்தருளப் பண்ணினார். நாங்கள் இன்றைக்கு வீடு கட்டி, வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டு நடக்கிற தெருவெல்லாம் அப்படி மீட்ட தெரு.

தபால்காரனாக எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. திருவாய்மொழியில் பதிகம் முடிகிற இடத்தைப் பாருங்கள். ‘குருகூர்ச் சடகோபன்’ என்று கையெழுத்து இருக்கும். பேரும் ஊரும் சேர்ந்தே வரும். ஓரிடத்தில் ‘பொருநல் சங்கணி துறைவன்’ என்று இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். பொருநை என்கிற எங்கள் தாமிரபரணி ஆற்றில் சங்கு கிடக்கிற துறைக்காரன் என்று. ஆறு, துறை, ஊர், பேர். பின்கோடு ஒன்றுதான் பாக்கி. இவ்வளவு சுத்தமாக முகவரி எழுதின கடிதம் என் சர்வீஸில் அபூர்வம். அந்த முகவரியை வைத்துத்தான் நாதமுனிகள் வந்தார்.

அந்தச் சங்கணித் துறையில்தான் உங்கள் ஆட்கள் மதியம் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அலுமினிய டப்பாவில் புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும். சாப்பிடட்டும், யார் வேண்டாம் என்றது? டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் படித்துறையிலேயே கிடக்கின்றன. நீங்கள் போனபின் எங்கள் ஊர்ப் பையன்கள் அதைப் பொறுக்குகிறார்கள். பொறுக்காத நாளில் ஆறு எடுத்துக்கொண்டு போய்ப் புன்னைக்காயல் கடலில் சேர்க்கிறது. எங்கள் ஊர்க்காரர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை, வீட்டுக் குப்பையை ஆற்றுச் சரிவில் கொட்டுகிறவர்களை எனக்கே தெரியும். அவர்களோடு நான் நேரில் சண்டை போட்டுக்கொள்கிறேன். உங்களுக்குக் கடிதம்தான் போட முடிகிறது.

அடுத்து கிரக விஷயம். உங்கள் நோட்டீஸில் ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் ஒரு கிரகம் போட்டிருக்கிறீர்கள். ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், திருக்கோளூர் செவ்வாய், திருப்புளிங்குடி புதன், எங்கள் ஊர் குரு, தென்திருப்பேரை சுக்கிரன், பெருங்குளம் சனி, இரட்டைத் திருப்பதி ராகு கேது. சைவத்தில் நவக்கிரகக் கோயில் இருப்பது மாதிரி இங்கே பெருமாள்களே கிரகமாக நிற்கிறார்கள் என்பது ஜனங்கள் நம்பிக்கை. அதை நான் குறை சொல்லவில்லை. குருப்பெயர்ச்சி வந்தால் எங்கள் தெருவில் நாலு பூக்கடை கூடுதலாக ஓடுகிறது. ஆனால் ‘குரு பரிகாரம் ஆச்சு, அடுத்து செவ்வாய்’ என்று டிக் அடிக்கிற தொனி இருக்கிறதே, அது காதில் விழும்போது எனக்கு அந்த நாலாம் பத்துப் பதிகம்தான் ஞாபகம் வரும். எங்கள் ஊர்ப் பெருமாளைப் பற்றியது. ‘திருக்குருகூர் அதனுள் நின்ற ஆதிப்பிரான் நிற்க, மற்றைத் தெய்வம் நாடுதிரே’ என்று கேட்கிறார். ஆதிப்பிரான் இங்கே நின்றுகொண்டிருக்க வேறு எதையடா தேடிக்கொண்டு ஓடுகிறீர்கள் என்று. ஐந்தாம் பத்தில் ‘பொலிக பொலிக பொலிக, போயிற்று வல்லுயிர்ச் சாபம்’ என்கிறார். உயிரைப் பிடித்த சாபம் போய்விட்டது, எமனுக்கு இங்கே வேலை இல்லை என்று ஆழ்வாரே சொல்லியாகிவிட்டது. குரு பலன் கேட்டு வருகிறவர்கள் அதையும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ரெண்டு நாளாக்குங்கள். அவ்வளவுதான்.

ஆறே உங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி. தென்கரையில் நாங்கள், திருக்கோளூர், தென்திருப்பேரை. முதல் நாள் வடகரை. ‘புளிங்குடிக் கிடந்து, வரகுணமங்கை இருந்து, வைகுந்தத்துள் நின்று’ என்று ஒரே அடியில் மூன்று ஊரை வைத்திருக்கிறார் ஆழ்வார். வரகுணமங்கைதான் நத்தம். அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வேனை விட்டாலே போதும், தனியாக வழிகாட்டி வேண்டாம். கிடக்கிற பெருமாளை, உட்கார்ந்த பெருமாளை, நிற்கிற பெருமாளை அந்த வரிசையிலேயே சேவிக்கலாம்.

திருப்புளிங்குடியில் அவசரப்படுத்தாதீர்கள். காய்சினவேந்தப் பெருமாள் நெடுக்கப் படுத்திருக்கிறார். சன்னதிக்குள் நின்றால் திருவடி தெரியாது. வெளியே பிராகாரத்தில் சுற்றி வந்தால் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும், அது வழியாகத்தான் பாதம் சேவிக்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஜன்னலைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள். இந்தப் பெருமாளிடம்தான் ‘கிடந்தநாள் கிடந்தாய், எத்தனை காலம் கிடத்தி, உன் திருவுடம்பு அசைய?’ என்று ஆழ்வார் கேட்கிறார். எத்தனை நாள் இப்படி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பாய், உடம்பு நோகாதா என்று. எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் நாலு மாசம் படுக்கையில் கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அடி வாயில் வரும்.

முதல் நாள் சாயங்காலமே ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள். சாயங்காலம் நடை திறந்தபின் நிதானமாக ஆழ்வாரைச் சேவியுங்கள். மரத்தைச் சுற்றி வந்தால் மேடைச் சுவரில் ஆழ்வார்கள் பாடின திவ்யதேசத்துப் பெருமாள்கள் சிற்பமாக இருப்பார்கள். பாட்டு வாங்க வந்த வரிசை அதுதான் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். சடாரி சாதிக்கும்போது தலையைக் குனிந்துவிட்டு ஓடிவிடாதீர்கள். எந்த ஊர்ப் பெருமாள் கோயிலிலும் உங்கள் தலையில் வைக்கிறார்களே, அதற்குச் சடகோபம் என்று பேர். பெருமாளின் திருவடியாக நம்மாழ்வார். அப்படியானால் அவர் சன்னதியிலேயே வைப்பதற்கு என்ன பேர்? இங்கே அது ஸ்ரீராமானுஜம். பட்டரிடம் கேட்டால் சொல்லுவார். கேட்க ஒரு நிமிஷம் வேண்டும்.

மறுநாள் காலையில் திருக்கோளூர். ‘உண்ணும் சோறு பருகும் நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்’ என்ற பாசுரத்துக்கு உரிய ஊர். தாய் சொல்கிறாள், என் பெண் வீட்டை விட்டுப் போனாளே, அவள் திண்ணமாகப் புகும் ஊர் திருக்கோளூர்தான் என்று. அப்படிப்பட்ட ஊருக்குள் ராமானுஜர் நுழையும்போது ஒரு பெண் ஊரை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாளாம். எல்லாரும் புகுகிற ஊரை நீ விட்டுப் போகிறாயே என்று கேட்டதற்கு, ‘அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே’ என்று ஆரம்பித்து 81 பேரைச் சொல்லி, இவர்களைப் போல நான் என்ன செய்துவிட்டேன், எங்கே இருந்தால் என்ன என்றாள். ராமானுஜர் அவளைத் திரும்ப ஊருக்குள் அழைத்துக்கொண்டு போய் அவள் கையால் சாப்பிட்டார். உங்கள் வேனில் இந்த 81-இல் ஒரு எட்டையாவது சொல்லுங்கள். டிவிடியில் பழைய காமெடி போடுகிற நேரம் போதும்.

வெற்றிலை என்றதும் ஞாபகம் வருகிறது. இதே ஆற்றுப் பாசனத்தில் கீழே விளைகிற ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருச்செந்தூருக்குப் போகிற வழியில்தான் ஆத்தூர். ஒரு கவுளி வாங்கிக்கொண்டு போகலாம். ஆழ்வார் சொன்ன மூன்றில் மூன்றாவது.

தங்க இடம் எங்கே என்பீர்கள். பெரிய லாட்ஜ் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். வசதியாகப் படுக்க நினைக்கிறவர்கள் திருநெல்வேலிக்கோ திருச்செந்தூருக்கோ போய்ப் படுத்துவிட்டு வரட்டும். ஆனால் முன்கூட்டிச் சொன்னால் இருபது பேருக்குப் பாய் விரிக்கிற மடமும் வீடும் இங்கே உண்டு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. ஹெலிகாப்டர் வருகிறவரை பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வந்தவர்களை வைத்துக்கொள்ளத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இல்லை அண்ணாச்சி, ஒரே நாள்தான் விலை போகும், ஒன்பதையும் ஒரே நாளில் காட்டினால்தான் சீட்டு நிரம்பும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. வைகாசித் திருவிழாவின் 5-ஆம் நாளுக்கு வேன் விடுங்கள். வைகாசி விசாகம் ஆழ்வார் பிறந்த நட்சத்திரம். அந்த ஒன்பது பெருமாளும் அன்றைக்கு எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நீங்கள் போக வேண்டியதே இல்லை. பகலில் ஒவ்வொருத்தருக்கும் ஆழ்வாரின் மங்களாசாசனம், அதாவது வாழ்த்துப் பாட்டு. ராத்திரி ஒன்பது கருடன்மேல் ஒன்பது பேரும் வரிசையாக, ஆழ்வார் அன்ன வாகனத்தில், மதுரகவிகள் பரங்கி நாற்காலியில். தீவட்டி எண்ணெய் வாசனையும், ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில் கருடன் ஆடுகிற ஆட்டமும், முன்னால் பிரபந்த கோஷ்டியும். அந்த ஒரு ராத்திரி தெருவில் இடம் கிடைக்காது, திண்ணையில் ஏறி நிற்க வேண்டியிருக்கும். என் வீட்டுத் திண்ணை உட்பட. பெருமாளே புறப்பட்டு இங்கே வந்து, பாட்டு முடிகிறவரை நிற்கிறார். எந்தப் பெருமாளும் கைதட்டி அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

கூட்டம் ஆகாது என்கிறவர்கள் மார்கழியில் பிரபந்தம் ஓதுகிற அத்யயன உற்சவத்துக்கு வரலாம். அரையர் சேவை இன்னும் நடக்கிற விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில் எங்களுடையது ஒன்று. கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக அரையர் பாடி அபிநயம் பிடிப்பதைக் காண இங்கே வந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஸ்ரீரங்கமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ போக வேண்டும். நாதமுனிகள் பாட்டைத் தேடிக்கொண்டு வந்த ஊரில் அந்தப் பாட்டுக்கு என்ன கதி ஆகியிருக்கிறது என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம். கோயில் கல் நாகஸ்வரத்தையும் விசாரித்துவிட்டுப் போங்கள். கல்லில் குடைந்தது.

கடைசியாக, இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாவின் கண்ணாடி என் வீட்டில் இருக்கிறது. பழுப்புச் சட்டம், வலது காது வளைவில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறது. கனத்த கண்ணாடி, இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது என்று பார்த்தாலே தெரிகிறது. புத்தகத்தின் உள்பக்கத்தில் பேர் இல்லை, ஊர் இல்லை, பென்சிலால் ஒரு மளிகைக் கணக்குதான் இருக்கிறது. துவரம்பருப்பு அரைக் கிலோ, கற்பூரம், பேரனுக்குப் பென்சில் டப்பா. இந்த முகவரிக்கு நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க?

தை மாதம் இரண்டாம் வாரம் அந்தப் பக்கமிருந்து வேன் கொண்டுவந்த அண்ணாச்சி யாராவது இதைப் படித்தால், உங்கள் லிஸ்ட்டைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள். மஞ்சள் பை, மரம் தூங்குமா என்று கேட்டவர் என்றால் கூட வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பார்சலில் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன், அது எனக்குப் பழகின வேலைதான். அவரே வருவதென்றால் இன்னும் சந்தோஷம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பாசஞ்சர் எங்கள் ஊரில் நிற்கும். ஸ்டேஷனில் இறங்கி, பழைய போஸ்ட்மேன் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என் வீட்டுக்காரி ராத்திரிக்குத் தோசை வார்ப்பாள்.

புத்தகத்தில் ஆறாம் பாசுரத்துக்கு நேரே ஒரு புளிய இலையை வைத்து மூடி வைத்திருக்கிறேன். கீழே விழுந்து கிடந்த இலைதான், பறிக்கவில்லை.

இப்படிக்கு,
சன்னதித் தெருப் பழைய தபால்காரன்,
ஆழ்வார்திருநகரி